கான் சாகிப்பைத் தடுத்தது கோட்டை மட்டுமல்ல, ரோடும்தான்: வாசுதேவநல்லூருக்கு பீரங்கி இழுத்த கதை

ஒரு பெரிய எஸ்.யூ.வி, பின்னாடி கேம்பர் ட்ரெய்லர், உள்ளே பெட்டு, அடுப்பு, குடும்பம். நேரா குற்றாலம். உங்க ரீல்ஸ்ல இந்த மாதிரி வீடியோ ஒண்ணாவது வந்திருக்கும். பார்த்ததும் ஆசையாத்தான் இருக்கும். ஆனா கீழே கமென்ட்ல எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்வி: இந்த வண்டி எத்தனை டன் இழுக்கும்?

இதே கேள்வியை 260 வருஷத்துக்கு முன்னாடி, இதே ஏரியாவுல ஒருத்தர் கேட்டுக்கிட்டு நின்னார். அவர்கிட்ட இன்ஜின் இல்லை, காளைகள் இருந்தன. இழுக்க வேண்டியது கேம்பர் இல்லை, கோட்டைச் சுவரை உடைக்கிற பீரங்கி. போக வேண்டிய இடம் வாசுதேவநல்லூர். அவர் பேரு உங்களுக்குத் தெரியும். கமல்ஹாசன் 1997-ல் இங்கிலாந்து ராணியை வரவழைச்சு தொடங்கி, இன்னும் முடியாம இருக்கிற அந்தப் படத்தோட நாயகன்தான். மருதநாயகம் என்கிற யூசுப் கான். மதுரைக்காரர்களுக்கு கான் சாகிப்.

அவர் வாழ்க்கையை வீரம், துரோகம், தூக்குன்னு மூணு வார்த்தையில சொல்லி முடிச்சிடுவாங்க. நாம இன்னிக்கு அதை வேற பக்கமா பார்ப்போம். கனமான ஒரு பொருளை மோசமான ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போறது எவ்ளோ பெரிய வேலை, அது ஒரு மனுஷனை எப்படி உயர்த்துச்சு, எப்படிக் கவிழ்த்துச்சு. கதை அதுதான்.

பனையூர் பையன்

சுமார் 1725-ல் ராமநாதபுரம் பக்கம் பனையூர்ல பிறந்தவர். வேளாளர் குடும்பம்னு பொதுவா சொல்றாங்க. சின்ன வயசுலயே ஊரை விட்டுக் கிளம்பி, இஸ்லாத்தைத் தழுவி, யூசுப் கான் ஆனார். 1752 வாக்கில் ராபர்ட் கிளைவோட படையில சிப்பாய்களுக்குத் தலைவனா வரலாற்றுக்குள்ள வர்றார்.

அப்போ ஆற்காடு நவாப் பதவிக்காக ஒரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலக் கம்பெனியும், இன்னொரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கிட்டு இருந்தாங்க. சண்டையோட மையம் திருச்சி. மலைக்கோட்டையைச் சுத்தி எதிரிகள். உள்ளே இருக்கிற படைக்கு அரிசி, மருந்து, குண்டு எல்லாம் வெளியிலிருந்துதான் வரணும். மாட்டு வண்டி வரிசை ஒண்ணு பத்திரமா உள்ளே வந்தா இன்னும் சில நாள் தாக்குப் பிடிக்கலாம். வழியில மாட்டிக்கிட்டா பட்டினி.

யூசுப் கான் பேர் வாங்கினது இங்கேதான். எந்த வழியா வந்தா எதிரி கண்ணுல படாது, எந்த ஊர்ல மாடு கிடைக்கும், ராத்திரியில எவ்ளோ தூரம் நடக்கலாம்னு அவருக்கு அத்துப்படி. தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் அவரை ரொம்பவே நம்பினார். 1754-ல் கம்பெனியோட சிப்பாய்கள் எல்லாருக்கும் கமாண்டன்ட் ஆனார். தங்கப் பதக்கமும் கிடைச்சுது.

அதாவது இந்த மனுஷன் முதல்ல கத்திச் சண்டையால மட்டும் மேலே வரலை. சரக்கைக் கொண்டு சேர்க்கிற திறமையால வந்தார். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இருசு உடைஞ்சா யுத்தம் நின்னுரும்

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில ஒரு படை தெற்கே கிளம்புச்சு. மதுரை, திருநெல்வேலிச் சீமைகள்ல நவாப்புக்கு வரி வசூல் பண்ணித் தரணும். யூசுப் கான் கூடவே போனார். கோட்டைகளை உடைக்க 18 பவுண்டர் பீரங்கிகளையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

18 பவுண்டர்னா என்ன? அது சுடுற இரும்புக் குண்டு ஒவ்வொண்ணும் 18 பவுண்டு, அதாவது சுமார் 8 கிலோ. அதைச் சுடுற இரும்புக் குழாய் மட்டுமே கிட்டத்தட்ட 2 டன். அதைத் தாங்குற மரவண்டியும் சேர்த்தா எடை எங்கேயோ போயிடும். கிட்டத்தட்ட ஒரு ஃபுல் லோடு கேம்பர் ட்ரெய்லர்.

மதுரை பக்கத்துல கோவில்குடியில ஒரு தலைவரைப் பிடிக்கப் போனப்போ, பீரங்கி வண்டிகள் வழியிலேயே உடைஞ்சு போச்சு. பீரங்கி வந்து சேரலை. சுவரை உடைக்க வேற வழியில்லை. கடைசியில கோட்டைக் கதவுக்குத் தீ வைக்க வேண்டியதாப் போச்சு. தீப்பந்தத்தோட ஓடினவங்கள்ல கர்னலும் யூசுப் கானும் முன்வரிசையில இருந்தாங்க. ஒரு பிரேக்டவுன், ரெண்டு பெரிய அதிகாரிகளைத் துப்பாக்கி குண்டுகளுக்கு நடுவுல நேரா ஓட வச்சுது. அந்தக் கோயில் சிலைகளையும் படை எடுத்துக்கிட்டுப் போனது. அந்தப் பழி சீக்கிரமே திரும்பி வந்துச்சு.

நெற்கட்டும்செவல்ல பூலித்தேவர்கிட்ட வரி கேட்டார் ஹெரான். அவர் மசியலை. கோட்டையை உடைக்கப் போதுமான பலம் இல்லாம படை திரும்பிடுச்சு.

திரும்பி வர்ற வழியில நத்தம் கணவாய். ரெண்டு பக்கமும் காடு, நடுவுல குறுகலான பாதை. கனமான வண்டி ஒண்ணு சேத்துல இறங்கிடுச்சு. காளைகளால இழுக்க முடியலை. முன்னாடி போன படை நிக்காம போயிட்டே இருந்துச்சு. பின்னாடி வந்தது அப்படியே நின்னுச்சு. நீளமான வரிசை ரெண்டா உடைஞ்சுது. காட்டுக்குள்ள காத்திருந்த கள்ளர்கள் அந்த இடைவெளியிலதான் பாய்ஞ்சாங்க. கோவில்குடி சிலைகளை மீட்டுக்கிட்டுப் போனாங்க. ஹெரான் மேல பின்னாடி விசாரணை நடந்துச்சு, வேலையை விட்டே தூக்கினாங்க. அந்தத் தண்டனை லஞ்சத்துக்காக. ஆனா அவர் படையோட மானத்தை வாங்கினது சேத்துல மாட்டின ஒரு சக்கரம்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஏன் இவ்ளோ கஷ்டம்? கொஞ்சம் ஸ்கூல் பிசிக்ஸ்.

ஒரு வண்டியை இழுக்கத் தேவைப்படுற பலம், அதோட முழு எடை இல்லை. எடையில ஒரு பங்குதான். அந்தப் பங்கை முடிவு பண்றது ரோடு. நல்ல தார் ரோட்டுல, ரப்பர் டயர்ல, எடையில 1 முதல் 1.5 சதவிகிதம் போதும். 3 டன் ட்ரெய்லரை சமதளத்துல நகர்த்திக்கிட்டே இருக்க சுமார் 45 கிலோ இழுவை. அதனாலதான் உங்க எஸ்.யூ.வி-க்கு அது சும்மா மாதிரி தெரியுது.

அதே 3 டன்னை மரச்சக்கரத்துல, மண் ரோட்டுல இழுத்தா தோராயமா 10 சதவிகிதம். 300 கிலோ இழுவை. நனைஞ்ச கரிசல்ல 25 சதவிகிதத்தையும் தாண்டிடும். 750 கிலோ!

ஒரு காளை நாள் முழுக்க சோர்வில்லாம இழுக்கக்கூடியது, அதோட உடம்பு எடையில சுமார் 10 சதவிகிதம். 400 கிலோ காளை ரெண்டு சேர்ந்தா 80 கிலோ. அப்போ காஞ்ச மண்ணுல நாலு ஜோடி வேணும். மழை பெய்ஞ்சா ஒன்பது, பத்து ஜோடி. ஜோடி கூடக் கூட எல்லாம் ஒரே நேரத்துல தோள் கொடுக்காது. ஒண்ணு முன்னே இழுக்கும், ஒண்ணு தயங்கும். அப்புறம் ஆட்கள்தான் கயிறு கட்டி இழுக்கணும். இது ஒரே ஒரு பீரங்கிக்கு. குண்டு, மருந்து, மாட்டுக்கு வைக்கோல், ஆளுக்கு அரிசி எல்லாத்துக்கும் தனித்தனி வண்டி.

இப்போ மதுரையிலிருந்து ராஜபாளையம், சிவகிரி தாண்டி வாசுதேவநல்லூர் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல. தேசிய நெடுஞ்சாலை 744-ல் நீங்க ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல வந்துடுவீங்க. நடுவுல டீக்கு நிறுத்தினாலும்தான். பாலம் இல்லாத ஓடைகள், கண்மாய்க் கரைகள், கரிசல் காடு வழியா 3 டன் இரும்போட வரணும்னா?

வாசுதேவநல்லூர், டிசம்பர் 1759

ஹெரானுக்கு அப்புறம் தெற்குச் சீமையை அடக்கற வேலை யூசுப் கான்கிட்ட வந்துச்சு. 1756-லிருந்து இங்கேயே சுத்தினார். நடுவுல பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகை போட்டப்போ, கம்பெனி அவரை வடக்கே கூப்பிட்டுச்சு. அங்கே அவர் செஞ்ச முக்கியமான வேலை, முற்றுகை போட்டவங்களுக்கு சரக்கு வர விடாம வெளியிலிருந்து தொல்லை கொடுத்தது. திருச்சியில காப்பாத்தினதையே சென்னையில அறுத்தார். 1759-ல் லாலி பின்வாங்கினதும் திரும்பவும் மதுரை.

அந்த வருஷக் கடைசியில, திருவிதாங்கூர் படையையும் சேர்த்துக்கிட்டு வாசுதேவநல்லூர் வந்து நின்னார். பூலித்தேவரோட முக்கியமான கோட்டைகள்ல அது ஒண்ணு. மேற்கே மலை. மலைக்கும் கோட்டைக்கும் நடுவுல அடர்ந்த காடு. சுவர் கல்லு இல்லை, மண்ணு. மண்ணுன்னு லேசா நினைச்சுடாதீங்க. குழைச்சு, அடுக்கடுக்கா வச்சு, வெயில்ல காய்ஞ்சு இறுகின மண் சுவர். கல் சுவர்ல குண்டு பட்டா சில்லு சில்லா தெறிக்கும். தடிமனான மண் சுவர் குண்டை அப்படியே உள்ளே வாங்கிக்கும். அதை உடைக்கணும்னா கனமான பீரங்கி வேணும், அதுவும் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிக்கணும். அதுக்கு மருந்து வேணும். நிறைய.

யூசுப் கான்கிட்ட ரெண்டுமே போதுமான அளவு இல்லை. சுவர்ல கொஞ்சம் உடைப்பு ஏற்பட்டதும் டிசம்பர் கடைசியில தாக்குதல் நடத்தினார். உள்ளே இருந்தவங்க உடைப்புல நின்னு மறிச்சாங்க. காட்டுப் பக்கமிருந்து பூலித்தேவரோட ஆட்கள் வந்து முகாமைத் தாக்கினாங்க. நிறைய சிப்பாய்கள் செத்தாங்க. தெற்குச் சீமையே பார்த்து நடுங்கின கமாண்டன்ட், முற்றுகையைக் கலைச்சுட்டுத் திரும்பினார்.

இந்தப் பக்கத்து மக்கள் கதைகளையும் சேர்த்துக் கேட்டீங்கன்னா ஒரு விஷயம் தெரியும். பூலித்தேவரோட தளபதி ஒண்டிவீரன், தனியா எதிரி முகாமுக்குள்ள நுழைஞ்சு பீரங்கிகளை அவங்க பக்கமே திருப்பி வச்சார்னு ஒரு கதை தலைமுறை தலைமுறையா வருது. பாளையங்கோட்டையில அவருக்கு மணிமண்டபமே இருக்கு. வாள், ஈட்டி, குதிரைன்னு எவ்வளவோ இருக்க, கதையில மையமா நிக்கிறது பீரங்கி. ஜனங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. இந்தச் சண்டையில ஊரைக் காப்பாத்துறதும் அழிக்கிறதும் அந்த இரும்புக் குழாய் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுங்கிறதுதான்.

மே 16, 1761

தோத்துட்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை யூசுப் கான். பழைய திருச்சிப் பாடம் அவருக்கு மறக்கலை. சண்டைக்கு முன்னாடி சரக்கு. பெரிய பீரங்கிகளும் மருந்தும் வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம்தான் திரும்ப வந்தார். 1761 மே 16-ம் தேதி நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்னு மூணு கோட்டைகளும் விழுந்துச்சு. இந்தப் பனையூர் அவர் பிறந்த பனையூர் இல்லை, பூலித்தேவரோட கோட்டை.

மே மாசம்ங்கிறதை கவனிச்சீங்களா? தரை காய்ஞ்சு இறுகிக் கிடக்கிற நேரம். சாரல் தொடங்கறதுக்கு முன்னாடி. சக்கரம் புதையாது. தேதியை அவர் இதுக்காகவே தேர்ந்தெடுத்தாரான்னு நாம யூகிக்க வேண்டாம். ஆனா டிசம்பர்ல முடியாதது மே மாசத்துல முடிஞ்சுது.

ஜெயிச்சது யாரு? யோசிச்சா மனசு கனக்கும். ராமநாதபுரத்துக் கிராமத்துப் பையன், ஒரு வியாபாரக் கம்பெனிக்காக, தன்னை மாதிரியே தமிழ் பேசுற இன்னொரு தலைவரோட கோட்டையை இடிச்சார். அந்த வேலையில அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதுதான் அவரோட பெருமை, அதுதான் அவரோட சோகமும்.

அதே பீரங்கி, இந்த முறை மதுரைக்கு

அடுத்த ரெண்டு வருஷத்துல எல்லாம் தலைகீழ். மதுரையை நல்லாவே நிர்வாகம் பண்ணினார். வரி ஒழுங்கா வந்துச்சு. ஆனா நவாப் முகமது அலிக்கு அவர் வளர்ச்சி பிடிக்கலை. தனக்குக் கீழேதான் இருக்கணும்னு கம்பெனியை நெருக்கினார். கம்பெனியும் நவாப் பக்கம் சாய்ஞ்சுது. இத்தனை வருஷம் யாருக்காக உழைச்சாரோ அவங்களே கைவிட்டதும், 1763-ல் யூசுப் கான் நேரடியா எதிர்த்து நின்னார். மதுரைக் கோட்டையில பிரெஞ்சுக் கொடி ஏறுச்சு.

இப்போ பீரங்கி இழுக்க வேண்டிய முறை கம்பெனிக்கு. 1763-ல் மதுரையைச் சுத்தி முற்றுகை. மழைக்காலம் வந்ததும் கலைச்சுட்டுப் போயிட்டாங்க. வாசுதேவநல்லூர்ல அவர் பட்ட கஷ்டத்தை அவங்க மதுரையில பட்டாங்க. 1764-ல் திரும்ப வந்தாங்க. ஜூன் மாசம் நடந்த பெரிய தாக்குதலையும் அவர் முறியடிச்சார். ஆங்கிலேய அதிகாரி மேஜர் பிரெஸ்டன் அதுல காயம்பட்டு இறந்தார்.

பீரங்கியால முடியாததைப் பசி செஞ்சுது. வழிகளை எல்லாம் அடைச்சாங்க. ஒரு வண்டி அரிசி உள்ளே போகலை. திருச்சிக்கு சரக்கு கொண்டு சேர்த்தே மேலே வந்த மனுஷன், சரக்கு வராமலே கீழே விழுந்தார். அக்டோபர்ல அவரோட சொந்த ஆட்களே, திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சேர்ந்து, தொழுகை நேரத்துல அவரைப் பிடிச்சுக் கட்டிக் கொடுத்துட்டாங்க. 1764 அக்டோபர் 15, மதுரை சம்மட்டிபுரத்துல தூக்கு. வயசு நாப்பதுக்குள்ளதான் இருக்கும். உடலைத் துண்டு போட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினாங்க. செத்த பிறகும் அவர் மேல அவ்ளோ பயம். சம்மட்டிபுரத்துல அவர் அடக்கம் ஆன இடத்துல இன்னிக்கும் பள்ளிவாசல் இருக்கு.

வாசுதேவநல்லூர்? அது அடங்கவே இல்லை. யூசுப் கான் போனதும் பூலித்தேவர் தரப்பு கோட்டையைத் திரும்பப் பிடிச்சுது. 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பல் பீரங்கிகளோட வந்தார். சுவர்ல ஓட்டை விழ விழ, உள்ளே இருந்தவங்க குண்டு மழைக்கு நடுவுல நின்னு, வைக்கோலும் பனையும் போட்டு அடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்த வீரத்தைப் பார்த்து அசந்துபோய், எதிரித் தளபதியே அதைக் கடிதத்துல பதிவு பண்ணியிருக்கார்.

நீங்க ட்ரெய்லர் மாட்டப் போறீங்களா?

அப்போ இதையெல்லாம் பார்த்துக்கோங்க. கான் சாகிப் காலத்துக் காளைக்கும் உங்க டீசல் இன்ஜினுக்கும் விதி ஒண்ணுதான்.

எவ்ளோ இழுக்கும்னு மேனுவல்ல பாருங்க. டொயோட்டா லேண்ட் க்ரூசர் மாதிரி பெரிய வண்டிக்கு, வெளிநாடுகள்ல பிரேக் உள்ள ட்ரெய்லர்னா 3,500 கிலோ வரை அனுமதி. பிரேக் இல்லாத ட்ரெய்லர்னா வெறும் 750 கிலோ. ஏன் இவ்ளோ வித்தியாசம்? இழுக்கிறது பிரச்னை இல்லை, நிறுத்துறதுதான் பிரச்னை.

எடையை எங்கே வைக்கிறீங்க? ட்ரெய்லர் எடையில பொதுவா 10 முதல் 15 சதவிகிதம் கொக்கி மேல உட்காரணும். 2 டன்னுக்கு 200 முதல் 300 கிலோ. உங்க வண்டி கொக்கி மேனுவல்ல சொல்ற அளவையும் தாண்டக் கூடாது. பின்பக்கம் எடை கூடிட்டா, வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சிடும். வண்டிக்காரங்க பாரம் ஏத்தும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பாங்களே, அதேதான். ஆடினா பதறி பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. ட்ரெய்லருக்குத் தனியா பிரேக் கன்ட்ரோல் இருந்தா அதை லேசா கொடுங்க.

கொக்கி மேல விழுற எடையும் உங்க கார் எடைதான். ஏழு பேரை ஏத்தி, மேலே லக்கேஜும் கட்டிட்டு, அதுக்கு மேல 300 கிலோவைக் கொக்கியில போட்டா, காரோட பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் தூக்கிடும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சு கேட்காது.

இறக்கத்துல கியர். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியா கொல்லம் பக்கம் இறங்கறீங்கன்னு வைங்க. 6 சதவிகித இறக்கத்துல 3 டன் ட்ரெய்லர் உங்களைப் பின்னாலிருந்து 180 கிலோ பலத்தோட தள்ளும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா அது சூடாகி பிடிக்காம போயிடும். இறங்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க.

பேப்பர் முக்கியம். நம்ம ஊர்ல ட்ரெய்லருக்கும் தனியா பதிவு வேணும். காருக்குப் பின்னாடி இஷ்டத்துக்கு வெல்டிங் வச்சு மாட்டிக்கிட்டுப் போக முடியாது. வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுடுங்க.

மழைன்னா மண் ரோட்டுல இறங்காதீங்க. தோப்புக்குள்ள கேம்ப் போடலாம்னு தோணும். நனைஞ்ச கரிசல் 3 டன்னை என்ன பண்ணும்னு மேலே கணக்கு போட்டோமே. நத்தம் கணவாயில மாட்டின அந்த வண்டியை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

அடுத்த முறை சீசனுக்கு ராஜபாளையம் வழியா குற்றாலம் போறப்போ, வாசுதேவநல்லூர்ல கொஞ்சம் நிறுத்துங்க. அர்த்தநாரீஸ்வரர் கோயில் இருக்கு, பார்த்துடலாம். நேரம் இருந்தா நெற்கட்டும்செவல்ல பூலித்தேவர் நினைவு மாளிகைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. வெளியே வந்து மேற்கே மலையைப் பாருங்க. இந்தத் தரையிலதான் ஜோடி ஜோடியா காளைகள் முட்டி போட்டு இழுத்துச்சு. அதுங்க கழுத்துல இருந்த மணிச் சத்தம் தூரத்துல கேட்டப்பவே, கோட்டைக்குள்ள யாரோ ஒருத்தர் வைக்கோல் கட்ட ஆரம்பிச்சிருப்பார்.